காலமைக் குளிசை

கடையில் போட்டோக்கொப்பி மெஷினுக்குக் கீழ்த் தட்டில் ஒரு வெறும் ரோனர் பெட்டி கிடக்கும். ஒரு வருடத்துக்கு மேலாக என்னுடைய குளிசை இருந்த இடம் அதுதான். வீட்டில் வைத்தால் அம்மா காண்பா. மேசை லாச்சியில் வைத்தால் கடைப் பெடியன் காண்பான். ரோனர் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். கை கறுத்துவிடும் என்ற பயம். காலமை கடை திறந்து மெஷினைப் போட்டால் அது சூடாகி முதல் தாளைத் தள்ள ஒரு நிமிஷம் எடுக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் கப்சியூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவேன். பிறகு விரலில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ அண்ணை, எத்தனை கொப்பி?" என்று நிமிருவேன்.

மனச்சோர்வுக்குக் குளிசை போடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் கிளினிக் துண்டுகளும் மருந்துச் சீட்டுகளும் என்னுடைய மெஷினில்தான் படி எடுபடுகின்றன. போட்டோக்கொப்பிக்காரன் ஊரின் பாதி இரகசியத்தைக் கண்ணால் பார்க்கிறவன், வாயால் சொல்லாதவன். ஆனால் இதுவரை ஒருவர்கூட என்னிடம் "நான் இதைப் போடுகிறேன்" என்று சொன்னதில்லை. நானும் போன கிழமை வரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்தக் குளிசையோடு எனக்கு வந்த ஆபத்துகளை இப்போது திரும்பிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் அந்த ரோனர் பெட்டியில் போய்த்தான் முடிகிறது.

முதலில் வருத்தம் வந்த கதை. 2021 கடைசி. கொரோனாவால் பல்கலைக்கழகம் மாதக் கணக்காக ஒன்லைனில் நடந்தது. பரமேஸ்வராச் சந்திப் பக்கம் கடை வைத்திருக்கிறவனுக்கு கம்பஸ் பெடியள் வராவிட்டால் என்ன வேலை? மெஷினுக்கு எடுத்த கடன் இருந்தது. ஆனாலும் கடனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கடன் அதற்கு முன்னமும் இருந்தது, நான் நன்றாகத்தான் இருந்தேன். திடீரென்று விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வரத் தொடங்கியது. பிறகு நித்திரை இல்லை. கவலை என்று குறித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, அழுகையும் வரவில்லை. எல்லாம் ஈரச் சாக்குப் போலப் பாரமாக இருந்தது. மிச்சக் காசு கொடுக்க மூன்று தரம் எண்ண வேண்டியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

அதை நான் மனவருத்தம் என்று நினைக்கவே இல்லை. நெஞ்செரிவு, தலைப்பாரம், கால் உளைவு என்று அலைந்தேன். ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. வயிற்றுக்கு மருந்து தந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மனம் உடம்பால்தான் கதைக்கும். அம்மா நாவூறு கழித்தா, நூல் கட்டினா, செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. நக்கலாகச் சொல்லவில்லை, சந்நிதியில் அந்த நாள் நன்றாகத்தான் இருந்தது. அன்னதான மடத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ஆனால் அன்றைக்கு இரவும் மூன்று மணிக்கு முழிப்பு வந்தது.

கடைசியில் வழக்கமாகக் காட்டுகிற குடும்ப டொக்டர் ஒருநாள் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "நெஞ்சை விடும், நித்திரை எப்படி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் வெளியே வந்தது. மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். துண்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தேன். எங்களுடைய சின்ன வயதில் குழப்படி செய்தால் "அங்கொடைக்கு அனுப்போணும்" என்பார்கள். அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி கொழும்பில் இருக்கிறதால் அது தூரத்துப் பேய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு கிட்டத்துப் பேய், கே.கே.எஸ். வீதி பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும். துர்க்கை அம்மன் கோயிலுக்கும் அதே ஊருக்குத்தான் போகிறோம், ஆனாலும் "தெல்லிப்பழை" என்று ஒரு விதமாக இழுத்துச் சொன்னால் அர்த்தம் வேறு.

கிளினிக் வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவரும் குனிந்துகொண்டே இருந்தார். நேரம் போகப் போகத்தான் தெரிந்தது, எங்களுக்குத் தெரிந்த மனிதர். என் கடையில்தான் விண்ணப்பப் படிவம் படி எடுக்கிறவர். இரண்டு பேரும் சுவரில் இருந்த நுளம்புச் சுவரொட்டியை மும்முரமாக வாசித்தோம்.

டொக்டர் குளிசைக்கு முதல் நிறையக் கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு காரணம் இருந்தது என்று பின்னால்தான் விளங்கியது. தைரொயிட் பார்த்தீங்களோ? தைரொயிட் குறைந்தாலும் இப்படி ஈரச் சாக்காகலாம். வேறு என்ன மருந்து பாவிக்கிறீங்கள், நாட்டு மருந்து உட்பட? குடிப் பழக்கம்? எப்போதாவது நித்திரையே தேவையில்லாமல், காசை வாரி இறைத்து, உலகத்தையே வெல்லலாம் போல நாட்கணக்காக இருந்தீங்களோ? இந்தக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. உயர்வும் தாழ்வும் மாறி மாறி வருகிற இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் குளிசையைத் தனியே கொடுத்தால் சோர்வில் இருந்து ஒரேயடியாக மேலே தூக்கி எறிந்துவிடக்கூடுமாம். அண்ணனுக்குக் கொடுத்த குளிசையைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிறகு அதே குரலில், "சாகலாம் எண்டு யோசிச்சிருக்கிறீங்களோ?" என்றார். என்னுடைய மனிசி பக்கத்தில் இருந்தாள். "ஓம்" என்றேன். கூரை இடிந்து விழவில்லை. டொக்டர் அதை எழுதிக்கொண்டு மேலும் இரண்டு கேள்வி கேட்டார். ஒரு மாத மருந்து தருகிற இடத்தில் இரண்டு கிழமைக்கு மட்டும் எழுதினார். "குளிசையை நீங்கள் வைச்சிருங்கோ, தங்கச்சி. ஒவ்வொரு நாளும் எடுத்துக் குடுங்கோ" என்று மனிசியிடம் சொன்னார். யோசனை கூடினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். 1926 என்ற இலக்கத்தைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவி அது. அந்தப் பக்கம் இன்னும் கிழியாமல் இருக்கிறது.

எனக்குத் தந்தது புளூவொக்செற்றின், 20 மில்லிகிராம். 1987 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, நம் அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. காலமை போடச் சொன்னார்கள், இரவில் போட்டால் சிலருக்கு நித்திரையைக் குழப்பும் என்று.

யாரும் எனக்கு உறைக்கச் சொல்லாத ஒரு விஷயம்: இந்தக் குளிசையில் முதலில் வருவது கரைச்சல், பலன் பிறகுதான். பெனடோல் போட்டு அரை மணித்தியாலத்தில் தலையிடி நிற்கிற கணக்குக்குப் பழகினவர்கள் நாங்கள். இதில் மூன்றாம் நாள் குமட்டல் வந்தது. கொட்டாவி, அடக்க முடியாத கொட்டாவி. கை உள்ளுக்குள் நடுங்குவது போல ஒரு பதற்றம். ஐந்தாம் நாள், "இது எனக்கு ஒத்துவராத சாமான்" என்று முடிவுகட்டிவிட்டேன். மனிசி வார்ட்டில் நின்ற மிஸ்ஸியைக் கேட்டுக்கொண்டு வந்து, "சாப்பிட்ட பிறகு போடட்டாம், கிழமை ரெண்டு போனால் குறையுமாம்" என்று சொல்லிக் கப்சியூலையும் இடியப்பத்தையும் ஒரே கையில் நீட்டினாள். குறைந்தது. நித்திரை மூன்றாம் கிழமை திரும்பியது. மற்றதெல்லாம் ஐந்தாம் ஆறாம் கிழமைதான். எந்த நாள் என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் பாரை மீன் குழம்பு உப்புக் கூட என்று மனிசியோடு சண்டை பிடித்தேன். அவள் சண்டை பிடிக்காமல் சிரித்தாள். மூன்று மாதம் உப்பே உறைக்காமல் சாப்பிட்டவன் நான்.

ஏன் இவ்வளவு பிந்துகிறது? குளிசை உள்ளே போன முதல் நாட்களிலேயே மூளையில் நரம்புகள் சேதி கடத்துகிற செரோட்டோனின் என்ற இரசாயனத்தின் விஷயத்தில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மனம் தேறுவதற்குக் கிழமைகள் எடுப்பதன் முழுக் காரணம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. "செரோட்டோனின் குறைந்துபோச்சு, அதை நிரப்புகிறோம்" என்கிற கதை தண்ணீர்த் தாங்கிக் கதை போல லேசாக இருக்கும், ஆனால் விஷயம் அவ்வளவு லேசில்லை என்று டொக்டரே சொன்னார். மனச்சோர்வுக்கு மருந்து என்ற வகையே தற்செயலாகக் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குக் கொடுத்த இப்புரோனியாசிட் என்ற மருந்தில் நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்ததைக் கண்டார்கள். அதே பத்தாண்டில் சுவிற்சர்லாந்தில் றோலண்ட் கூன் என்ற மருத்துவர் வேறு நோய்க்குப் பரீட்சித்த இமிப்பிரமின் மனச்சோர்வுக்குக் கேட்பதைக் கண்டார். ஏன் வேலை செய்கிறது என்பதை முழுக்க அறியாமலே உலகம் பாவிக்கிற மருந்து இது ஒன்றுதானா என்ன.

இந்த முதல் கிழமைகள் பற்றி இன்னொன்று. கடைக்கு வருகிற கம்பஸ் பெடியளை நினைத்துத்தான் எழுதுகிறேன். சிறுபிள்ளைகளிலும் இளவயதினரிலும் இந்த மருந்து தொடங்கும்போது தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2004இல் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்து விபரத்தாளில் போடுகிற ஆகக் கடுமையான எச்சரிக்கை, போட வைத்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. இதை வாசித்துவிட்டுப் பிள்ளைக்குக் குளிசையே வேண்டாம் என்று ஓடுகிற பெற்றோர் உண்டு. அந்த எச்சரிக்கை கேட்பது வேறு: தொடங்கின கிழமைகளிலும் அளவு மாற்றின நாட்களிலும் பக்கத்தில் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும், திடீர்ப் பதற்றம், கொதிப்பு, நித்திரையில்லாமை என்றால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். ஹொஸ்டலில் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துப் போடுகிற பிள்ளைக்கு யார் கண் வைப்பது?

சரி, நான் தேறிவிட்டேன். 2022 வந்தது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் போட்டோக்கொப்பிக் கடை என்பது நிழலுக்கு ஒதுங்குகிற இடம். தாள் இல்லை, பெற்றோல் இல்லை, மருந்தும் இல்லை. கிளினிக்கில் "வெளியில வாங்குங்கோ" என்று எழுதித் தந்தார்கள். வெளியில் நான்கு பாமசி ஏறி இறங்கினேன். ஒன்றில் வேறு நிறக் கப்சியூல், வேறு பெயர், மூன்று மடங்கு விலை. இது அதுதானா என்று தெரியாமல் வாங்காமல் திரும்பினேன். பிறகுதான் படித்தேன்: அட்டையில் பெரிதாக இருப்பது கொம்பனி வைத்த பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். கிளினிக் கொப்பியில் அந்தச் சின்ன எழுத்துப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டால் நிறம் மாறினாலும் பயமில்லை. பாமசியில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் திகதியும் மற்றத் துண்டோடு போய்விடும். அந்தத் துண்டைக் காட்டச் சொல்லிப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். ஒரு பாமசிக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

கையில் இருந்ததை நீட்டி இழுக்க, ஒன்றுவிட்ட ஒரு நாள் போட்டேன். டொக்டரைக் கேட்கவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்த "ஒன்றும் ஆகவில்லை" தான் என்னைப் பிறகு கவிழ்த்தது.

அந்த வருடம் ஐப்பசியில் கந்தசஷ்டி. எங்கள் வீட்டில் ஆறு நாளும் விரதம். அம்மா பாலும் பழமும் மட்டும். எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லாமல் குளிசை போட விருப்பமில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் சாப்பிடவும் முடியாது. அத்தோடு உள்ளுக்குள் ஒரு குரல்: முருகனை நம்பி ஆறு நாள் விடு, பார்ப்போம். விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சூரன்போர் அன்றைக்கு நல்ல உசாராக நின்றேன். பாரணைக்குப் பிறகும் தொடவில்லை. மூன்றாம் கிழமையும் நன்றாக இருந்தேன். எனக்கு இனி இது தேவையில்லை என்று முடிவு செய்தாயிற்று.

புளூவொக்செற்றின் உடம்பை விட்டுப் போகிற விதம் தெரிந்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன். அதுவும் அது உடைந்து வருகிற பொருளும் கிழமைக் கணக்காக இரத்தத்தில் நிற்கும். நிறுத்தி ஐந்து கிழமை போகாமல் சில மருந்துகளைத் தொடங்கவே கூடாது என்று விதி இருக்கிற அளவுக்கு. நான் நிறுத்தியதாக நினைத்த நாட்களில் உண்மையில் குளிசையின் மிச்சத்தில் வாழ்ந்துகொண்டிருந்தேன். மார்கழிக் குளிர் தொடங்க, விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்தது.

வேறு சில மருந்துகள் இப்படி மெதுவாகப் போகாது. உறவுக்கார அக்கா ஒருவர், கிளினிக்கில் அவவுக்கு வென்லாஃபக்சின், அதுவும் மனச்சோர்வுக் குளிசைதான். அவவும் அதே கந்தசஷ்டியில் விட்டிருக்கிறா. இரண்டாம் நாளே தலைச்சுற்று, வியர்வை, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரிச் சின்னச் சின்ன உதறல், கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை. வீட்டில் இருந்தவர்கள் விரதக் களைப்பு என்றார்கள், ஒருவர் சாமி வந்ததோ என்றுகூடக் கேட்டார். பரொக்செற்றின் என்ற இன்னொரு மனச்சோர்வுக் குளிசையும் இப்படித்தான் சட்டென்று காட்டிக் கொடுக்குமாம். இதைப் பார்த்துவிட்டுத்தான் "அது பழக்கப்பட்டுப்போகும், விட ஏலாது, போதை மாதிரி" என்ற கதை ஊரில் சுற்றுகிறது. போதையில் ஆள் இன்னும் இன்னும் கேட்டுத் தேடுவான். இந்தக் கப்சியூலை நான் ஒருநாளும் ஆசையாகத் தேடினதில்லை, மறந்துபோவதுதான் என் பிரச்சினை. மூளை ஒன்றுக்குப் பழகியிருக்கும்போது சட்டென்று பிடுங்கினால் தடுமாறுகிறது. மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் அமைதியாக விடும். சிலருக்குக் கிழமைகள் போதும், சிலருக்கு மாதங்கள் எடுக்கும்.

அக்கா பிறகு டொக்டரைக் கேட்டா, விரதத்துக்கு என்ன செய்வது என்று. காலமைப் பாலோடு போடலாமே என்று சொன்னாராம். கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார்.

தை மாதம் திரும்பக் கிளினிக். ஏச்சு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. "நல்லாய் வந்த பிறகும் ஒன்பது மாதம், ஒரு வருசம் எண்டாலும் தொடர வேணும் எண்டு சொன்னனான், ஞாபகம் இருக்கோ?" என்றார். சொல்லியிருந்தார். தேறின பிறகுதான் கணக்குத் தொடங்கும் என்பது என் காதில் ஏறவில்லை. தொடங்கின நாளில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் விழுந்தபடியால் இனி இரண்டு வருடமாவது போக வேண்டும் என்றார்.

இனித்தான் பெரிய கதை. 2023 நடுப்பகுதி, ஏ4 தாள் பெட்டி ஒன்றைத் தூக்கி நாரி பிடித்துக்கொண்டது. ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். அங்கிருந்த டொக்டர் தெளிவாகக் கேட்டார்: "வேற ஏதும் குளிசை பாவிக்கிறீங்களோ?" பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் பதிவேடு எழுதிக்கொண்டு நின்றான். "இல்லை" என்றேன். டைக்குளோபெனாக்கும் ட்ரமடோலும் எழுதித் தந்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

நோ குறையவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. ட்ரமடோல் ஈரலில் மாறித்தான் முழு வலிநிவாரணியாகிறது; அந்த மாற்றத்தைச் செய்கிற நொதியைப் புளூவொக்செற்றின் கட்டிப் போட்டுவிடும். நோ நிற்கவில்லை என்று நான் என்ன செய்தேன்? இன்னொன்று போட்டேன். ட்ரமடோல் செரோட்டோனினையும் கூட்டுகிற சாமான் என்பது எனக்கு எங்கே தெரியும். இரவு பத்து மணிபோல வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, கால் தானாகத் துள்ளியது, வயிற்றோட்டம், நெஞ்சு படபடப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரம். அம்மா விறாந்தையில் நின்று கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கிவிட்டா. அவசரப் பிரிவில் இளம் டொக்டர் ஒருவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்; கால் தாவி எழும்பியது. "என்ன மருந்து பாவிக்கிறார்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. மனிசி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமாக, "மனச்சோர்வுக்குப் புளூவொக்செற்றின், ஒன்றரை வருசமா" என்றாள்.

செரோட்டோனின் மிஞ்சினால் வருகிற நச்சுநிலை. எனக்கு வந்தது லேசானது. இரவு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் விட்டார்கள். காய்ச்சல் ஏறி, உடம்பு விறைத்து, உயிருக்கே ஆபத்தாகிறவர்களும் உண்டு என்றார்கள். கட்டிலில் கிடந்து நான் அந்த ஒரு "இல்லை"யைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன்.

அதற்குப் பிறகு டொக்டரிடம் பேப்பரும் பேனையுமாகப் போய் இருந்து, எதோடு எது கூடாது என்று எழுதி வந்தேன். சில இருமல் பாணிகளில் இருக்கிற டெக்ஸ்ரோமெத்தோபன். ஒற்றைத் தலையிடிக்குக் கொடுக்கிற சில குளிசைகள். லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி. டைக்குளோபெனாக், ஐபுபுரொபன், அஸ்பிரின் போன்றவை இதோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிகிற வாய்ப்புக் கூடும். நாரிப்பிடிப்பு என்று தானாக வாங்கிப் போடக் கூடாது. இதோடு பிரஷருக்கு நீர் போகிற குளிசையும் பாவிக்கிற வயதானவர்களுக்கு இரத்தத்தில் உப்புக் குறைந்து, ஆள் தடுமாறி, நினைவு குழம்பலாம். "அம்மம்மாவுக்கு அறளை பெயர்ந்துபோச்சு" என்று விடாமல் ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் சிலவேளை அகப்படும்.

ஜேர்மனியில் இருக்கிற மச்சான் என் கதை கேட்டு ஒரு போத்தல் அனுப்பியிருந்தான். "யோகானிஸ்க்ராவுட், வெறும் பூ மருந்து மச்சான், இங்க சனம் தேத்தண்ணி மாதிரிக் குடிக்குது" என்றான். ஆங்கிலத்தில் சென் ஜோன்ஸ் வேர்ட் என்கிற செடி அது. பூ மருந்துதான். ஆனால் அது மனச்சோர்வுக்கே பாவிக்கிற செடி, இந்தக் குளிசையோடு சேர்த்தால் எனக்கு அந்த இரவு நடந்ததே திரும்ப நடக்கலாம். வேறு பல மருந்துகளின் பலனையும் குறைத்துவிடும், கருத்தடைக் குளிசை உட்பட. நல்லெண்ணத்தோடு விமானம் ஏறி வருகிற மருந்துகள் எங்கள் ஊரில் கொஞ்சநஞ்சமில்லை.

இதில் எனக்குக் கூடப் பயம் தருவது அமிற்றிப்டிலின். இதுவும் மனச்சோர்வுக்கு வந்த பழைய மருந்து, மலிவு, நரம்பு வலிக்கும் தலையிடிக்கும் சின்ன அளவில் கொடுக்கிறார்கள். நித்திரை வருகிறபடியால் வேலிக்கு மேலால் கைமாறுகிறது: "அக்கா, ஒண்டு போட்டுப் பாருங்கோ, அடிச்சுப் போட்ட மாதிரிப் படுப்பியள்." வயதானவர்களுக்கு மலச்சிக்கல், சலம் கட்டுவது, இரவில் எழும்பித் தலைசுற்றி விழுவது எல்லாம் இதால் வரும். அளவு மிஞ்சினால் இதயத்தையே பிடிக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில், மனம் சரியில்லாதவர் இருக்கிற வீட்டில், இது பூட்டுக்குள் இருக்க வேண்டிய சாமான். இரண்டு கிழமைக்கு மட்டும் மருந்து தந்து, திறப்பை மனிசி கையில் கொடுத்த டொக்டரை நான் அப்போது நம்பிக்கையில்லாதவர் என்று நினைத்திருந்தேன்.

கள்ளைப் பற்றிக் கேட்பீர்கள். நான் விட்டுவிட்டேன், பெருமைக்கில்லை, அடுத்த நாள் மனம் இன்னும் கீழே போகிறதைக் கண்டபடியால். நித்திரை தூக்குகிற குளிசையோடு குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறினால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. பிள்ளை வயிற்றில் என்று தெரிந்தவுடன் பயந்து தானாக நிறுத்துகிற பெண்களுக்கு அதே பதில்தான்: முதலில் டொக்டர், பிறகு முடிவு. அந்த நேரத்தில் திரும்ப விழுந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் அதுவும் ஆபத்து.

எழுதக் கூச்சமான ஒன்றை எழுதிவிடுகிறேன். இந்தக் குளிசை படுக்கையறைக்குள் வரும். ஆசை குறையும், உச்சம் பிந்தும் அல்லது வராது, ஆணுக்கும் பெண்ணுக்கும். மருந்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விடுகிற பலருக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் எட்டு மாதம் வாய் திறக்கவில்லை, மனிசி தன்னில் ஏதோ குறை என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டொக்டரிடம், தூணைப் பார்த்துக்கொண்டு, சொன்னேன். "கன பேருக்கு வாறதுதான்" என்று சொல்லிவிட்டு அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று சாதாரணமாகக் கதைத்தார். மூன்று நிமிஷம்கூட எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் மனிசி சத்தமாகச் சொன்ன பிறகு அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "உந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள வைச்சே சாப்பிடுறனி? மை வயித்துக்க போகாதே?" என்று கேட்டா. கடைப் பெடியன் சொல்லியிருக்கிறான். அவனுக்கு எல்லாம் முதலே தெரியும். இப்போது கப்சியூல் அட்டை எங்கள் வீட்டுக் குசினியில், அம்மாவின் பிரஷர் குளிசைகளோடு, ஒரே பிளாஸ்ரிக் பெட்டியில் இருக்கிறது. நான் மறந்தால் அம்மா ஞாபகப்படுத்துவா. ஒருநாள் நேற்றையதையும் சேர்த்து இரண்டாகப் போடட்டோ என்று கேட்டதற்கு, "எனக்கே டொக்டர் அப்பிடிச் செய்யக்கூடாது எண்டவர், விட்டதை விட்டிட்டு இண்டையானை மட்டும் போடு" என்றா. சரியான பதில்.

போன கிழமை மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரம், ஒரு பிள்ளை கடைக்கு வந்தா. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மருந்துச் சீட்டொன்றை மெஷினில் வைக்கத் தந்தா. நடு வரியின் மேல் பெருவிரல் அழுத்தி இருந்தது. விரலை எடுக்காமல் படி எடுக்க முடியாது. எடுத்தா. நான் மூடியைத் தூக்கிச் சீட்டை வைத்தேன். எத்தனையோ தரம் கண்டும் காணாதது போல இருந்த அதே எழுத்துகள், அதே 20.

"இதைத்தான் நானும் காலமையில போடுறனான், பிள்ளை" என்றேன்.

மெஷின் தாளைத் தள்ளி முடிக்கும் வரை அவ ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. காசு தந்தா. படியிறங்கினவ திரும்பி வந்து, சத்தத்தைக் குறைத்து,

"அண்ணை, சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?" என்று கேட்டா.